ஜீப்பில் உட்கார்ந்து கேட்ட கதை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோறு தின்னும்போதே ஒரு கால் வாசலில் நிற்கும் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சாமி பார்த்துக் கொடுத்த மாதிரி எனக்கு அமைந்த வேலையும் நடக்கிற வேலைதான். கேரளத்தில் சாந்தன்பாறைப் பக்கம், ஏலத்தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் ஒரு வாசகசாலை உண்டு. ஓட்டுக் கட்டடம், முன்னால் முற்றம், முற்றத்தை ஒட்டி ரோடு, ரோட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே வந்து புத்தகம் எடுக்க நேரமில்லாத பெண்களுக்கு நான் பையில் சுமந்துபோய்க் கொடுப்பேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, போன வாரம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுக்க வேண்டும். தமிழ் கேட்பவர்களுக்குத் தமிழ், மலையாளம் கேட்பவர்களுக்கு மலையாளம், எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்குச் சமையல் குறிப்பு. ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். எனக்கு அது பிடிக்கும்.

கோடை வந்தால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆப்பு. பள்ளிக்கூடம் அடைத்ததும் வாசகசாலையில் பிள்ளைகளுக்கு முகாம் தொடங்கிவிடும். செயலாளர் ஓய்வு பெற்ற ஆசிரியர்; ஊரே அவரை மாஷ் என்றுதான் கூப்பிடும். மனிதர் தங்கம். ஆனால் முகாம் நடக்கிற நாட்களில் நான் பையைத் தொடக் கூடாது, பிள்ளைகளோடு ஹாலிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். காகிதத்தில் கொக்கு செய்வது, பாட்டு, படம் வரைவது, ஒரு நாள் ஓடைக்குக் கூட்டிப்போய்ப் பறவை காட்டுவது. பறவை காட்டுகிற நாள் ஒன்றில்தான் எனக்கு உயிர் வரும். மற்ற நாட்களில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "அக்கா, நீங்க நடந்தா எனக்குக் கோடு கோணுது" என்று ஒரு வாண்டு என்னிடமே புகார் சொன்னது.

கடைசி நாள் விழா. முற்றத்தில் பந்தல் போட்டு, மைக் வைத்து, பிள்ளைகள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். புத்தகத்தில் படித்ததாகவும் இருக்கலாம், சொந்தமாகக் கட்டியதாகவும் இருக்கலாம். போன வருடம் என் மகள் ஏறினாள். அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். நன்றாகத்தான் தொடங்கினாள். நான் முன்வரிசையில், அவளுக்கு நேர் எதிரே இருந்தேன். பாதியில் என்னைப் பார்த்தாள், வாய் நின்றது. நான் அடுத்த வரியை உதட்டசைவில் எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு வரியும் கொடுத்தேன். மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடியே போய்விட்டாள். அதன்பிறகு வெகுநாள் அவள் வாசகசாலைப் படியை மிதிக்கவில்லை. ஊரிலுள்ள அத்தனை வீட்டுக்கும் புத்தகம் சுமக்கிறேன், என் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பக்கம் போவதென்றாலே வேப்பங்காய். எனக்கு அது எவ்வளவு வலித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இந்த வருடம் அவளே வந்து, நானும் கதை சொல்கிறேன் என்றாள். சொந்தக் கதை. ஒரு பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாற்றுகிறது. எந்த வீடும் அதற்கு மனதுக்குப் பிடிப்பதில்லை. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டேதான், அதைச் சீர்செய்யத் தொடங்கினேன். ஏழாவது வீடாக வாசகசாலையை வைத்தது நான்தான். அலமாரியின் அடித்தட்டில், புத்தகங்களுக்குப் பின்னால் குட்டியை வைத்து, இதுதான் நம் வீடு என்று பூனை படுத்துக்கொள்ளும். மாஷுக்கும் பிடிக்கும், கைதட்டும் கிடைக்கும். மகள் முகத்தைச் சுளித்தாள். அந்தப் பூனை அப்படியெல்லாம் படுக்காது என்றாள். நான் விடவில்லை. துணி மடிக்கும்போது, அரிசி களையும்போது என்று அவளைச் சொல்ல வைத்து, சொல்ல வைத்து, எனக்கே முழுக்கதையும் பாடமாகிவிட்டது. "இந்த வருசமும் உனக்கு முன்னாடியே உக்காந்திருப்பேன், பயப்படாத" என்று வாக்கும் கொடுத்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் நான் ஒரு காரியம் செய்து தொலைத்தேன். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் மலைக்குக் கீழே, போடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சித்திரையில் அங்கே அம்மன் பொங்கல். அவருடைய தங்கச்சி அதே ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஒருநாள் அவள் போன் செய்தபோது நான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டு, மாஷ் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டு, ஜன்னல் வழியே யாரையோ கூப்பிட்டுக்கொண்டும் இருந்தேன். அவள் என்னவோ கேட்டாள். சரி, சரி என்றேன். இன்னும் என்னவோ கேட்டாள். அதற்கும் சரி. இப்படி எத்தனை சரி சொல்லி எத்தனை வம்பில் மாட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

முகாமில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று காப்புக் கட்டு. வீட்டுக்காரருக்கு டூரிஸ்ட் ஜீப் ஓட்டம், சீசன் நேரம், நகர முடியாது. நான் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு ராத்திரிக்குள் திரும்புவதாகத் திட்டம். போய் இறங்கினால் நாத்தனார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வரிசையாக வைத்திருந்த மண் ஓடுகளில் ஒன்றைக் காட்டுகிறாள். எருவும் வைக்கோலும் போட்டு, நவதானியம் விதைக்கத் தயாராக இருந்தது. "இது உங்க முளைப்பாரி மதினி. நீங்க போடச் சொன்னீகள்ல" என்றாள்.

முளைப்பாரி போடுகிற பெண் காப்புக் கட்டியாக வேண்டும். காப்பு என்றால் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டிக்கொண்டால் முளைப்பாரியைச் சுமந்துபோய்த் தண்ணீரில் கரைக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பொழுது சாய்ந்தால் முளைப்பாரி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் தெளித்து, எல்லாரும் சுற்றி நின்று கும்மி கொட்ட வேண்டும். முகாமின் கடைசி நாளோ இந்தக் கெடுவுக்குள் வந்து விழுந்தது. நான் பேச வாயெடுப்பதற்குள் பூசாரி கயிற்றைக் கட்டி முடித்துவிட்டார். சாமி காரியத்தில் நடுவீதியில் நின்று சண்டை போட எனக்கே தைரியமில்லை.

அந்த நாட்களை நான் எப்படிக் கடத்தினேன் என்று நாத்தனாரைக் கேளுங்கள். மலையில் இருந்து பழகிய உடம்புக்குக் கீழே வெயில் அனலாக இருந்தது. அது போகட்டும். எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். நீலமாக, மேலே மேகம் படுத்துக்கொண்டு, கையெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி நிற்கும். அதற்கு அந்தப் பக்கம்தான் வாசகசாலை. என் மகள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, முகாமுக்குப் போய், சாயங்காலம் அப்பாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். நான் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்கும் தெருமுனைக்கும் அலைந்தேன். மாஷுக்கு ஓயாமல் போன் போட்டேன். பிள்ளைகளில் பாதிப்பேர் அவரவர் ஊர்ப் பொங்கலுக்கு இறங்கிப் போய்விட்டார்கள், மீதிப் பேரை வைத்து நடத்துகிறேன் என்றார். மகளிடம் பேசினால், கதையைச் சொல்லிப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன். அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள்.

காப்புக் கட்டிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஊரில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பிறகு ஒரு விடிகாலையில் ஜீப் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப். கையில் தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஓடிப்போய் ஓர் அம்மாளை நிறுத்தி, காப்போடு எல்லை தாண்டலாமா என்று கேட்டேன்.

"கூலிக்குப் போகாட்டி அம்மனா வந்து ஒல வைப்பா? வெளிய ராத்தங்கினாத்தான் குத்தம். பொழுது சாய வந்துருவோம்" என்றார் அந்த அம்மாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை ஏன் சொல்லவில்லை என்று நாத்தனாரிடம் பாய்ந்தேன். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள். அதுவும் நியாயம்தான். மறுநாள்தான் விழா. மறுநாள் விடியலில் நான் அந்த ஜீப்பில் இருந்தேன். ராத்தங்கக் கூடாது, முளைப்பாரி வாடினால் அது குடும்பத்துக்கே ஆகாது என்று நாத்தனார் பயந்து பயந்துதான் அனுப்பினாள். ராத்திரிக்குள் உன் முன்னால் நிற்பேன் என்று அவளுக்கும் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஆக, கையில் இரண்டு வாக்கு. முன்வரிசையில் இருப்பேன் என்று மகளுக்கு, பொழுதோடு வருவேன் என்று இவளுக்கு.

தொழிலாளர் ஜீப்பில் உட்காருவது ஒரு வித்தை. ஒருத்தர் முட்டிக்கு நடுவில் இன்னொருத்தர் முட்டி, மடியில் அடுத்தவர் பை. கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்வோம், அடுத்த வளைவில் மறுபக்கம். போடிமெட்டில் குளிர் முகத்தில் அடித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. திரும்பும்போது வழக்கம்போல வாசகசாலைக்கு எதிரே டீக்கடையில் நிறுத்துவதாகவும், நாலு மணிக்குப் புறப்பட்டுவிடுவதாகவும் டிரைவர் சொன்னார். அதற்குமேல் மெட்டில் மூட்டம் இறங்கிவிடும், ஆனை நடமாட்டமும் இருக்கிறது, யாருக்காகவும் நிற்க முடியாது என்றார். விழா இரண்டு மணிக்கு. தாராளமாக நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

கேரளத்தில் பிறந்து வளர்ந்த நான் அப்படி நினைத்திருக்கக் கூடாது. இங்கே ஒரு விழா என்றால் வரவேற்புரை உண்டு, தலைமையுரை உண்டு, தொடக்கவுரை உண்டு. அதன்பிறகு ஆசம்சை. ஆசம்சை என்றால் வாழ்த்துரை. மேடையில் யாரெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்களோ அத்தனை பேரும் எழுந்து வாழ்த்துவார்கள். தாலுக்காவிலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினர், வழியில் ஆனை நின்றதால் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர் ஆனையைப் பற்றியே வெகுநேரம் பேசினார். பிள்ளைகள் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நெளிந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கடிகாரத்தைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பொறுக்க முடியாமல் மேடைக்குப் பின்னால் போய், பிள்ளைகளை முதலில் ஏற்றிவிட்டு வாழ்த்துவதைப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று மாஷிடம் கேட்டேன்.

"ஆசம்ச பறயாம எங்ஙன மோளே மீட்டிங் நடத்தறது?" என்றார் மாஷ், நான் ஏதோ தாலி இல்லாமல் கல்யாணம் நடத்தச் சொன்ன மாதிரி.

கதைகள் தொடங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. முதல் பையன் கதை சொல்லி இறங்கினான். அடுத்த பெண் பாதியை மலையாளத்திலும் பாதியைத் தமிழிலும் சொல்லி நன்றாகவே சமாளித்தாள். எதிரே ஜீப் வந்து நின்றது. பெண்கள் இறங்கி டீ குடித்தார்கள். என் மகளுக்கு முன்னால் இன்னும் ஒரு பிள்ளை இருந்தது. நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், திரும்பினேன். டிரைவர் கையை உயர்த்திக் காட்டினார். நானும் பதிலுக்குக் கையை ஆட்டினேன், பொறுங்கள் என்று.

அப்போது பெஞ்சிலிருந்து என் மகள் எழுந்து நேராக என்னிடம் வந்தாள். காப்பை விட்டுவிடலாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். கயிற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கேயே தங்கிவிடுவது, வருவது வரட்டும் என்று. அதை அவளிடம் சொல்லவும் சொன்னேன். அம்மா எங்கும் போகவில்லை, உனக்கு முன்னாலேயே இருக்கிறேன் என்றேன்.

"நீ ஜீப்புக்குப் போம்மா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நீ முன்னாடி உக்காந்து வாய வாய அசைச்சா எனக்குக் கதை மறந்துபோகுது. போன வருசமும் அதான்."

சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. அங்கே பந்தல் கால் இருக்கிறது, இடித்துக்கொள்ளாதே என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வருடமாக நான் கூட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மைக்கைக் குறை சொன்னேன். பிள்ளைக்குப் பயம், அப்பாவைப் போல கூச்சம் என்று ஊரெல்லாம் சொன்னேன். மனிதர் பாவம், அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. முகத்தில் வெந்நீர் பட்ட மாதிரி இருந்தது. அவளை இழுத்து வைத்து, உனக்காக மலையேறி வந்திருக்கிறேனே என்று கத்த வேண்டும்போலவும் இருந்தது. எதுவும் செய்யாமல் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

ஜீப்பில் எனக்குக் காலையில் உட்கார்ந்த அதே மூலை. மற்றவர்களும் ஏறி முட்டியோடு முட்டி கோத்துக்கொண்டார்கள். டிரைவர் சாவியைப் போட்ட நேரத்தில், முன்னால் ஏறிய பிள்ளை முடித்து, ஒலிபெருக்கியில் என் மகள் குரல் வந்தது. ஒரு ஊர்ல ஒரு பூனை, ஒரே ஒரு குட்டி போட்டுச்சு. அந்தக் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. முந்தின நாள் விடியலில் எனக்கு வழி சொன்ன அந்த அம்மாள் என் பக்கத்தில்தான் இருந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் வீட்டில் புகை, ரெண்டாவது வீட்டில் நாய். மூன்றாவது வீட்டில் டிவி சத்தம் தாங்காமல் பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது ஜீப்பே சிரித்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

"செத்த நிறுத்துப்பா. கதை முடியட்டும்" என்றார் அந்த அம்மாள்.

மூட்டம் இறங்கிவிடும் என்று டிரைவர் முனகினார். தினமும் மூட்டத்தில்தானே போகிறோம் என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். அவர் இஞ்சினை அணைத்தார். இத்தனை வருடமாக அந்த ஜீப் வாசகசாலைக்கு எதிரே நிற்கிறது. அந்தப் பெண்கள் ஒருவர்கூட ரோட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வெளியூர்க்காரர்கள் என்று நானும் அவர்களிடம் பையை நீட்டியதில்லை.

நாலாவது வீடு ஒழுகியது. ஐந்தாவது வீட்டில் டூரிஸ்ட்டுகள் குட்டியைப் பிடித்துப் படம் எடுத்துத் தொல்லை செய்தார்கள். ஆறாவது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே பூனைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தச் சந்தேகம் நான் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் உதடு அசைந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஜீப் மூலையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானும் நிறுத்தவில்லை. ஏழாவது வீடு வாசகசாலை. அலமாரியின் அடித்தட்டு. இதுதான் நம் வீடு என்று என் வாய் சொன்னது.

ஒலிபெருக்கி வேறு சொன்னது. அம்மாப் பூனைக்குப் பழைய தாள் வாடை பிடிக்கவில்லையாம். எட்டாவது வீடு பார்க்கலாம் என்று குட்டியின் கழுத்தைக் கவ்வப் போனதாம். அப்போது குட்டி முதல் தடவையாகப் பேசியதாம்.

"நீ போயிட்டு வாம்மா. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு. நீ வர்ற வரைக்கும் நான் இங்கயேதான் இருப்பேன்."

பூனை போச்சு, குட்டி இருந்துச்சு, கதை முடிஞ்சுச்சு என்று நிறுத்தினாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. முற்றத்தில் கைதட்டினார்கள். ஜீப்பிலும் தட்டினார்கள், கையை எடுக்க இடம் இருந்தவர்கள்.

"வெவரமான புள்ள. யாரு வீட்டுப் புள்ளயாம்?" என்று பக்கத்து அம்மாள் கேட்டார்.

"என் புள்ளதான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்புறம் நீங்க இங்க வந்து உக்காந்திருக்கீக?"

"அவதான் போகச் சொன்னா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோஷமா பெருமையா என்று கேட்டால் இரண்டும்தான். அந்த அம்மாள் தன் முந்தானையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார். ஜீப் புறப்பட்டது. முற்றத்தில் என் மகள் மேடையிலிருந்து இறங்கி, யாரோ கொடுத்த கலர் சோடாவை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். ரோட்டுப் பக்கம் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. மெட்டைத் தாண்டி, வளைவெல்லாம் இறங்கி, ஊர் வந்து சேர்கிறவரை அந்த மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முளைப்பாரி வீட்டில் கும்மிக்கு எல்லாரும் காத்திருந்தார்கள்.